சக்கரம் வைத்த கொட்டகை

கொட்டகை வீட்டுக்கு வந்த அன்று பின்பக்கம் நின்றவர்கள் இவர்கள்.

நான். என் மனைவி. பேகம்பூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய். சாணார்பட்டியில் பூ விவசாயம் பார்க்கும் என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி. வீட்டுக்கார அம்மா. அவர் கீழே இறங்கவில்லை, மாடிப்படியில் பாதியில் நின்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லாரும் பேசினார்கள். என் மனைவி மட்டும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அவள் பேசுவதற்காகத்தான் அதைச் செய்திருந்தேன்.

எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுதான். திண்டுக்கல்லுக்குள்ளேயே பல தெரு பார்த்தாயிற்று. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கொய்யா விற்றவன். காலையில் ஆயக்குடிக் காய் வந்து இறங்கும். பொறுக்கி அடுக்குவேன். பெரிசு வெளியே, சின்னது உள்ளே. அப்புறம் பொழுது சாயும்வரை நிற்பேன். நின்று நின்று முட்டி போய்விட்டது. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். வண்டியை விற்க மனசில்லை. சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்திவிட்டேன்.

என் மனைவிக்குச் செடி என்றால் உயிர். புது வீடு பார்க்கப் போனால் மற்ற பெண்கள் அடுப்படியைப் பார்ப்பார்கள். இவள் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பாள். அரிசி கழுவின தண்ணீரைக் கொட்டவே மாட்டாள். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடின காலத்திலும் செடிக்கு ஒரு குடம் தனியாக எடுத்து வைத்தாள். அப்போது அவளிடம், மனுசனுக்கே இல்லை, செடிக்கு என்ன தண்ணி என்று கேட்டேன். "அது வாய் தொறந்து கேக்காதுல்ல" என்றாள்.

கிணறு உள்ள ஒரு வீட்டில் கொஞ்ச வருடம் இருந்தோம். அந்த வீட்டில்தான் அவளுக்கு வசதி. மல்லி, கனகாம்பரம், கருவேப்பிலை, டிரம்மில் ஒரு எலுமிச்சை. நடக்க இடம் இருக்காது. வீட்டை விற்றுவிட்டார்கள். உடனே காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்தது ஒரு மாடிப் போர்ஷன். அந்த வீட்டுக்காரர் முதல் வார்த்தையே, "மேல தொட்டி வைக்கக் கூடாது, தளம் ஒழுகும்" என்றார். வேறு வீடு தேட நேரம் இல்லை.

செடிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வீட்டை வாங்கினவர்கள் தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னார்கள். மழைக்கு முன்னால் ஒருநாள் இவள் அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பை நிறையக் காய்கறி வாங்கப் போனவள் வெறும் பையோடு வந்தாள். நானே மறுநாள் போய்ப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து நின்றது. எலுமிச்சை மட்டும் கொஞ்சம் பச்சை. அதுவும் பிறகு போயிருக்கும்.

அதிலிருந்து மார்க்கெட்டுக்கு அவள் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. சுற்றிப் போவாள்.

செடியும் வைப்பதில்லை. ஒருநாள் கையை என் முன்னால் நீட்டினாள். "மண்ணுல கை வைக்காம இருந்தா நகம் எம்புட்டுச் சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடிப் போர்ஷனிலிருந்து இப்போது சொல்கிற வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் சிமெண்டுத் தரை. ஒரு கட்டில் போடுகிற இடத்தைவிடக் கொஞ்சம் அதிகம். காலை வெயில் நன்றாக விழும். வீட்டுக்கார அம்மா நல்லவர். செடி வைக்கலாம் என்றார். ஆனால் மூன்று சொல் சொன்னார்.

"தரையில மண்ணக் கொட்டக் கூடாது. செவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலி பண்ணச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

இவள் தலையை ஆட்டினாள். "நாங்க செடி வைக்கிறதில்லம்மா" என்றாள்.

அப்போதுதான் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். வெளிநாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தலையில் தொப்பி. தோட்டத்து ஓரம் மரப்பலகையால் கட்டிய ஒரு குட்டி வீடு. கதவு, கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு மேசை. தொட்டிகளை அளவு பார்த்து அடுக்கியிருந்தாள். கரண்டி, சல்லடை எல்லாம் வரிசையாகத் தொங்கியது. மேசையில் மண்ணைக் கொட்டி, நின்றபடியே நாற்று நட்டாள்.

என் மனைவி மகளுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"இது யாரு வீடுடி?"

"வீடு இல்லம்மா. செடி வேலை பாக்குறதுக்குன்னு ஒரு ரூம்."

"செடிக்கா ரூமு?"

"ஆமாம்மா."

"வாடகை எம்புட்டாம்?"

மகள் ரொம்ப நேரம் சிரித்தாள். ஆனால் இவள் அந்த வீடியோவை விடவில்லை. மறுபடி மறுபடி பார்த்தாள். ஒருநாள் சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அது தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அடுப்பைக் குறைத்தேன்.

"ஒண்ணு செஞ்சுருவமா?" என்றேன்.

"என்னத்த?"

"அந்த ரூமை."

"ஒண்ணும் வேணாம். செஞ்சு வெச்சு, நாளைக்கு அதையும் விட்டுட்டு வரணும்."

"சக்கரம் வெச்சுச் செஞ்சா?"

அவள் பார்வை சுவரோரம் நின்ற கொய்யா வண்டிக்குப் போயிற்று. சாயங்காலம் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள்.

"சக்கரம் வெச்சாலும் எனக்கு வேணாம். ஆனா அப்படிச் செஞ்சா, மண்ணு அள்ளுற எடம் ஓரமா இருக்கணும்."

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டாத கொட்டகைக்குத் தினமும் ஒரு யோசனை வந்தது.

நான் செங்கல் துண்டால் சிமெண்டுத் தரையில் படம் போட்டேன். இது வண்டி. இது நாலு மூலைக் குழாய். இது கூரை. அவள் விளக்குமாற்றோடு வருவாள். கூட்டுகிற மாதிரி வந்து நின்று பார்ப்பாள். "எனக்கு வேணாம், இருந்தாலும் சொல்றேன்" என்று ஆரம்பிப்பாள். விதை டப்பாவுக்கு எலி ஏறாத இடம் வேண்டும். எருவும் செம்மண்ணும் கலக்காமல் இருக்க இரண்டு பெட்டி. முந்தானை மாதிரி கை துடைக்க ஒரு துணி மாட்ட வேண்டும். மழைத்தண்ணி ஒரு வாளியில் விழ வேண்டும். பிடிக்காத கோட்டை விளக்குமாற்றாலேயே அழித்துவிட்டுப் போவாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். கேட்க வெட்கப்பட்டாள்.

"டீ கிளாஸ் வைக்க ஒரு வளையம் இருந்தா நல்லாருக்கும்."

"அந்த வெள்ளைக்காரிகிட்ட அது இல்லையே."

"அவ டீ குடிக்க வீட்டுக்குள்ள போவாளா இருக்கும்."

மச்சினன் வாரம் ஒருமுறை பூ போட மார்க்கெட்டுக்கு வருவான். வந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போவான். படத்தைப் பார்த்தான். கூரைக்குத் தகரம் என்று நான் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன் மாமா, எங்கக்காவ உள்ள வெச்சுத் தம் போடப் போறீயளா? சித்திரை வெயில்ல வெந்துருவா. பச்சை வலை கட்டுங்க. நாத்துக்கும் அதுதான் நல்லது. கண்ணாடியெல்லாம் ஆவாது."

மகளுக்குக் கண்ணாடி ஜன்னல் மேல் ஆசை. போனில் சண்டை போட்டாள். தோற்றாள். அதற்குப் பதிலாகப் பெயிண்டு அவள் சொல்கிற கலர் என்று முடிவாயிற்று. மஞ்சள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வண்டியின் சக்கரத்துக்குப் பல வருடம் ஒட்டுப்போட்டவர் அவர்தான். டேப்பை எடுத்தார். முதலில் வீட்டுப் பக்கச் சந்தை அளந்தார். வண்டி அதில் போய்வர வேண்டும். பிறகு குழாய், கம்பி, கொக்கி எல்லாம் கேட்டுக்கொண்டார். கூரையை போல்ட்டு போட்டு மாட்டினால் கழற்றி மாட்டலாம் என்று அவராகவே சொன்னார்.

"மேசை எம்புட்டு ஒசரம்ணே? வண்டி ஒசரமே போதுமா?"

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கையை வைத்துப் பார்த்தேன். குனியாமல், எட்டாமல் கச்சிதமாக இருந்தது.

"இதுவே சரி பாய். இந்த ஒசரத்துல எத்தனை மணி நேரம்னாலும் நிக்கலாம்."

என் மனைவி அப்போது உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். போவதற்கு முன் பலகையை மஞ்சள் தண்ணி ஊற்றித் தேய்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருடக் கொய்யாச் சாறு அதில் ஊறியிருந்தது. எறும்பு விடவில்லை. தேய்த்த பிறகும் வெயில் பட்டால் கொய்யா வாசம் வரும். இப்போதும் வருகிறது.

அப்படித்தான் அந்த நாள் வந்தது. பாயும் மச்சினனும் பின்னால் தள்ள, நான் முன்னால் பிடிக்க, மஞ்சள் கொட்டகை சந்து வழியாகச் சுவரில் உரசாமல் வந்து நின்றது. நாலு மூலையில் குழாய். மேலே பச்சை வலை. பலகையில் இரண்டு பெட்டி. கம்பியில் கொக்கிகள். ஓரத்தில் டீ கிளாஸ் வளையம்.

"பாயி, இதுல படுத்துத் தூங்கலாம் போலருக்கே" என்றான் மச்சினன்.

"ஒங்க மாமா கோச்சுக்கிட்டு வெளிய வந்தா அதுக்கும் ஆகும் மாப்ள" என்றார் பாய்.

"மண்ணு சிந்தாதுல்ல?" என்றார் வீட்டுக்கார அம்மா படியிலிருந்து.

"அம்மா, ஏதாவது சொல்லும்மா" என்றாள் மகள் போனில்.

என் மனைவி பக்கத்தில் போனாள். வளையத்தைத் தொட்டுப் பார்த்தாள். பலகையைத் தடவினாள்.

"நல்லாருக்கு" என்றாள். உள்ளே டீ போடப் போய்விட்டாள்.

அவ்வளவுதான்.

நான் மறுநாளே ஒரு சாக்குச் செம்மண்ணும் கொஞ்சம் எருவும் வாங்கிப் போட்டேன். மூட்டை கட்டியபடியே கிடந்தது. பலகையில் மிளகாய் காய்ந்தது. பிறகு கோதுமை. பிறகு துவைத்த தலையணை. மகள் போன் பண்ணும்போதெல்லாம் "என்னம்மா நட்ட?" என்பாள். "நடணும்" என்பாள் இவள். நான் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன். வந்து பார்ப்பேன். சாக்கு அவிழவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. கிணற்று வீட்டில் காய்ந்ததோடு அவளுக்கும் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு நான் வெல்டிங் வைத்து என்ன செய்ய முடியும்? அவளிடம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு கொஞ்சம் கம்மி.

ஒருநாள் மச்சினன் ஈரச் சாக்கில் சுற்றி மல்லிக் குச்சியும் கனகாம்பர நாற்றும் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அப்போது நான் மண்டபத்தில் இருந்தேன். அவன் சாப்பிடக்கூட உட்காரவில்லையாம். "அக்கா, இன்னைக்கே நட்டுரு. நாளைக்கு வெச்சா வாடிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

நான் மதியம் சாப்பாட்டுக்கு வந்தேன். அடுப்படியில் ஆள் இல்லை. பின்பக்கம் போனேன். கொட்டகையில் யாரும் இல்லை. ஆனால் மண் சாக்கு அவிழ்ந்து பாதியாகக் கிடந்தது.

"இந்தா" என்று கூப்பிட்டேன்.

"ம்" என்று சத்தம் வந்தது.

"எங்க இருக்க?"

"இங்கதான்."

"எங்க?"

"குனிஞ்சு பாருங்க."

என் முட்டிக்குக் குனிவது லேசில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். வண்டிக்கு அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி. முன்னால் பிளாஸ்டிக் ஷீட்டில் சலித்த மண். பக்கத்தில் பால் கவர்களில் நட்டு முடித்த குச்சிகள். தலையில் ஒட்டடை. நகமெல்லாம் கறுப்பு.

நான் அந்த நகத்தைத்தான் பார்த்தேன்.

"மேலதான் மேசை இருக்குல்ல?"

"இருக்கு."

"பெறகென்ன?"

"நான் என்னைக்கு நின்னு வேலை பாத்துருக்கேன்?"

யோசித்தேன். கீரை ஆய்வது உட்கார்ந்து. மீன் கழுவுவது உட்கார்ந்து. வெங்காயம், பூ கட்டுவது, அரிசி புடைப்பது எல்லாம் உட்கார்ந்து. மகள் சண்டை போட்டும்கூடக் கேஸ் அடுப்பைத் தரையில்தான் வைத்திருக்கிறாள். வெஞ்சனத்துக்குக் காய் வதக்குவதும் உட்கார்ந்தபடிதான். கிணற்று வீட்டில் அத்தனை செடியையும் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் வைத்தாள். தினம் பார்த்தவன் நான். ஆனால் வேலை என்றால் நிற்பது என்று என் கால் பழகியிருந்தது. அளவை என் இடுப்பில் எடுத்துவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆசையாச் செஞ்சீங்க. பாயி வேற கண்ணுல பொறி பறக்க ஒட்டியிருக்காரு. நின்னுதான் பாப்பமேன்னு ரெண்டு நாளு கோதுமையப் போட்டுச் சலிச்சுப் பாத்தேன். கையி எங்கயோ இருக்கு, சல்லடை எங்கயோ இருக்கு. சலிக்கவே வரல."

"நீ செடியே வேணாம்னு விட்டுட்டன்னு நெனச்சேன்."

அவள் சல்லடையைத் தட்டினாள். "வேணாம்னுதான் இருந்தேன். குச்சி வாடுதுல்ல" என்றாள். பிறகு, "செத்த நேரம் இருங்க, இந்த நாலையும் வெச்சுட்டுச் சோறு போடுறேன்" என்றாள்.

நானே போட்டுச் சாப்பிட்டேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் அறுக்கும் மெஷினோடு வந்தார். வண்டிக் காலை அறுத்து, சின்னச் சக்கரம் போட்டு, மேசையைத் தரையோடு இறக்குவதாக நாங்கள் பேசி வைத்திருந்தோம். மெஷினை அவர் கையில் எடுத்ததும் இவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அறுக்காதீங்க பாய். ஏத்துங்க."

"என்னக்கா?"

"ஒரு சாண் ஏத்துங்க. கீழ ஒக்காந்தா தல இடிக்குது."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்கு மேசை வேணாம். எனக்கு அது கூரை. மேல தொட்டி இருக்கட்டும், வலைக்கு அடியில நிழலாருக்கும். நான் கீழ இருக்கேன். தண்ணி ஊத்துனா சொட்டுச் சொட்டா எம்மேல விழும், குளுகுளுன்னு இருக்கும்."

"அறுக்கத்தான்ணே கூப்ட்டீங்க" என்றார் பாய். "இப்ப ஒட்டச் சொல்றாங்க. ஒங்க வீட்ல யாரு மேஸ்திரி?"

"இன்னைக்கு வரைக்கும் நான்தான்னு நெனச்சேன்" என்றேன்.

வீட்டுக்கார அம்மா படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்ல கூத்துப்பா. மேசை போட்டுக் குடுத்தா அதுக்கு அடியில குடித்தனமா?"

இந்தத் தடவை அளவு அவளிடம் எடுத்தோம். வண்டிக்கு அடியில் அவளை உட்கார வைத்தார் பாய். முதுகை நிமிர்த்தச் சொன்னார். தலைக்கு மேல் எவ்வளவு வேண்டும், கையைத் தூக்கினால் எங்கே எட்டுகிறது, வலது கை எங்கே, இடது கை எங்கே என்று எல்லாம் சாக்பீஸால் குறித்தார். குறித்த இடத்தில் பலகைக்கு அடியில் கொக்கி வந்தது. சல்லடை, கரண்டி, களைக்கொத்து, துணி எல்லாம் தலைகீழாகத் தொங்கின. விதை டப்பாவும் தொங்கியது. எலியால் ஏற முடியாது. டீ கிளாஸ் வளையத்தை மேலிருந்து அறுத்துக் கீழே, அவள் வலது கைப்பக்கம் ஒட்டினார்.

"ஒசரம் ஏறிருச்சு, ஆடிக் காத்துக்குச் சாஞ்சுரும்ணே" என்று போகும்போது சொன்னார். இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி கொடுத்தார். நான் சக்கரத்துக்குச் செங்கல் வைத்தேன். மோட்டார் குழாயோடு சேர்த்துப் பழைய சங்கிலியைப் போட்டேன். அந்த ஆடியில் தெருவில் ஒரு தகரக் கொட்டாய் பறந்தது. எங்களுடையது நின்றது.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. நான் மதியம் வந்தால் சக்கரத்துக்கு நடுவில் ஒரு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலைப் பார்த்துத்தான் பேசுவேன். டீ நான்தான் போடுவேன். குனிய முடியாது என்பதால் கிளாஸை நீட்டுவேன், ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். நானும் அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் யார் மேலே, யார் கீழே என்று ஊரில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் மேலே நான், கீழே அவள், அதற்கும் மேலே மல்லி.

வீட்டுக்கார அம்மா படியிலிருந்து மெல்லக் கீழே இறங்கினார். முதலில் கருவேப்பிலை கேட்டு. பிறகு ஒரு ரோஜா. பிறகு சும்மாவே வந்து ஒரு படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். தரையில் மண் சிந்தியிருந்தால் அவரே கூட்டிவிடுவார்.

அவர்தான் ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வருகிறானாம். வீடு வேண்டுமாம்.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு ஒங்ககிட்டச் சொன்னேன். இப்ப எனக்குத்தான் மனசு கேக்க மாட்டேங்குது" என்றார்.

என் மனைவி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"அழுவாதீங்கம்மா" என்றாள். "வண்டி இருக்கு."

அவர் போன பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "சந்துல போகுமா?"

"வந்துச்சுல்ல, போகும்" என்றேன். சொன்னேனே தவிர, மறுநாள் நூல் பிடித்து இரண்டு தடவை அளந்தேன். ஒரு சாண் ஏற்றியதில் மேலே குழாய் சன்ஷேடில் இடிக்கும் என்று தெரிந்தது. பாய் அன்றைக்கே போல்ட்டு போட்டிருந்தது நல்லதாயிற்று.

புது வீடு மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். பாய் ஸ்பேனரோடு வந்து கூரையைக் கழற்றினார். சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றியது மச்சினன். செடிகளை வண்டிப் பலகையில் அடுக்கியது நான். பெரிசு வெளியே, சின்னது உள்ளே. கொய்யா அடுக்கிய கை. மச்சினன் பூச்சந்தைக்காரன், எதையும் எண்ணாமல் ஏற்ற மாட்டான். தொட்டிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"மாமா, முப்பத்தொண்ணு. கொறைஞ்சா நீங்கதான் ஜவாப்பு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி முன்னால் போய்விட்டான்.

பாய் பின்னால் தள்ளினார். நான் முன்னால். அவள் பக்கத்தில் ஒரு கையைப் பலகையில் வைத்துக்கொண்டே நடந்தாள். வேகத்தடை வந்தால் நிறுத்தச் சொல்வாள். தானே ஒவ்வொரு தொட்டியாகப் பிடித்துக்கொள்வாள். என் பழைய வாடிக்கை ஒருவர் டீக்கடையிலிருந்து சத்தம் போட்டார்.

"என்னண்ணே, கொய்யா வித்தது போதும்னு காட்டையே விக்கக் கெளம்பிட்டீங்களா?"

"விக்கிறதுக்கு இல்ல" என்றாள் இவள், நான் வாய் திறக்கும் முன்னால்.

ஒரு முக்கு வந்தது. நேரே போனால் கிணற்று வீட்டுத் தெரு. புது வீட்டுக்கு அதுதான் கிட்ட. நான் கேட்காமலே வண்டியை இடது பக்கம் திருப்பினேன்.

"எங்க போறீங்க?"

"சுத்திப் போவோம்."

"வெயில் ஏறுது. நேரா போங்க."

நேரே போனோம். பாய்க்கு ஒன்றும் தெரியாது, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தள்ளினேன். அந்த வீட்டு வாசல் வந்ததும் அவள் கை பலகையை அழுத்தியது. நிறுத்தினேன்.

கேட்டுக்கு உள்ளே ஒரு மண்தொட்டி இருந்தது. விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கும். அது தண்ணீர்க் குடம் இடித்து உடைந்தது, எனக்கும் தெரியும். எலுமிச்சையை டிரம்முக்கு மாற்றும் முன்னால் அதில்தான் வைத்திருந்தாள். இப்போது அதில் ஒரு குடை சொருகியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். வயது கம்மி. "என்னக்கா வேணும்?" என்றாள்.

"இந்தத் தொட்டி எங்களது."

"அப்படியாக்கா? நாங்க வாடகைக்கு வர்றப்பவே இருந்துச்சு. குடை வைக்கத்தான் வெச்சிருக்கோம்." குடையை எடுத்துவிட்டாள். "எடுத்துக்கோங்க."

என் மனைவி தொட்டியை எடுத்தாள். அடியில் கொஞ்சம் பழைய மண் காய்ந்து கிடந்தது. கொட்டவில்லை. அப்படியே பலகையில் வைத்தாள். எனக்குத் தள்ளச் சைகை காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை. செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கனகாம்பரத் தொட்டியை எடுத்தாள். மொட்டு வைத்தது. அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"எனக்கா?"

"தண்ணி ஊத்துவியா?"

"ஊத்துறேன்க்கா."

"தெனமும் வேணாம். அரிசி கழுவுறல்ல, அந்தத் தண்ணி போதும். காலி பண்ணும்போது விட்டுட்டுப் போயிராத."

அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கேட்டுக்குப் பக்கத்தில், தொட்டி இருந்த அதே இடத்தில் வைத்தாள். குடை சுவரில் சாய்ந்து நின்றது.

"போலாம்" என்றாள் என் மனைவி.

புது வீட்டு வாசலில் மச்சினன் சாமான்களை இறக்கிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான். வண்டி நின்றதும் எண்ண ஆரம்பித்தான். தொட்டுத் தொட்டு எண்ணினான். எண்ணிவிட்டு, கணக்குச் சரி மாமா என்றான். பழைய தொட்டியை அவன் கவனிக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடி எண்ணினேன்.

முப்பத்தொன்று.